பேக்கப் பெட்டிக்கு யாரைக் காவல் வைப்பது?

திங்கட்கிழமை காலை ஒன்பதேகால். வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தொடங்கிய வாராந்திர முழு பேக்கப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமாகச் சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் முடிந்துவிடும் வேலை; திரையோ 98 விழுக்காடு என்றது. நகல்களைச் சேமித்துவைக்கும் பேக்கப் பெட்டியின் முகப்புப் பக்கத்தைத் திறந்தேன். சிபியு 7 விழுக்காடு. மெமரி இயல்பு. எட்டு டிஸ்க்குகளும் பச்சை. வெப்பநிலை பச்சை. நெட்வொர்க் 'இணைந்துள்ளது', அதுவும் பச்சை. பச்சைப்பசேலென்று ஒரு பெட்டி, மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது.

காட்டிக்கொடுத்தது ஒரே ஓர் எண்: நொடிக்கு 11 மெகாபைட். நெட்வொர்க் வேலை பார்ப்பவர்களுக்கு இது மனப்பாடமான எண். 1 கிகாபிட் இணைப்பில் நடைமுறையில் நொடிக்குச் சுமார் 110 மெகாபைட் போகும். 100 மெகாபிட் இணைப்பில் 11. எங்கள் முழு பேக்கப் 2.4 டெராபைட். முதல் வேகத்தில் ஆறு மணி நேரம், இரண்டாவதில் அறுபது மணி நேரத்துக்குச் சற்று மேல். கணக்கு அப்படியே பொருந்தியது. கிகாபிட் ஈதர்நெட்டுக்குக் கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். பெட்டிக்கும், அலுவலகக் கணினிகளை இணைக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே ஓடிய கேபிளில் ஒரு ஜோடி எங்கோ விட்டுப்போயிருந்தது. இன்றைய நெட்வொர்க் கார்டுகள் பலவும் இந்த நிலையில் இணைப்பைத் துண்டிப்பதில்லை. இருப்பதை வைத்து ஓட்டுவோம் என்று சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடுகின்றன. இணைப்பு அறுந்திருந்தால் அலாரம் அடித்திருக்கும். இளைத்ததற்கு யாரும் அடிக்கவில்லை.

கேபிளை மாற்றியதும் வேகம் திரும்பியது. பழையதைச் சுருட்டி மேசை இழுப்பறையில் போட்டேன். தூக்கி எறிய மனம் வரவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர் யாருடைய இழுப்பறையைத் திறந்து பார்த்தாலும் இந்தக் குணம் புரியும்.

இந்தப் பெட்டியைக் கண்காணிக்க எதை வைப்பது என்ற கேள்வி அன்றைக்குத்தான் தீவிரமாக எழுந்தது. எங்களுடையது கோவையில் அறுபது பேர் வேலை பார்க்கும் அலுவலகம். பம்பு வடிவமைப்பு வரைபடங்களும் கணக்கு வழக்குகளும்தான் சொத்து. ஒரு பேக்கப் பெட்டி, இரண்டு ஸ்விட்ச், நான்கு சர்வர். பார்த்துக்கொள்ள நானும் ஓர் உதவியாளரும். இந்த அளவில் இருப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். நூற்றுக்கணக்கான சர்வர்களை மேய்ப்பவர்களுக்கு வேறு கணக்கு.

பரிசீலித்தவை நான்கு: பெட்டியோடு வரும் சொந்த டாஷ்போர்டும் மின்னஞ்சல் எச்சரிக்கையும், கண்காணிப்பு மென்பொருள்களான லிப்ரெஎன்எம்எஸ், ஜாபிக்ஸ், ப்ரோமிதியஸும் கிராஃபானாவும் சேர்ந்த கூட்டணி. ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: 'அந்தத் திங்கட்கிழமையை வெள்ளிக்கிழமை இரவே எனக்குச் சொல்லியிருப்பாயா?'

எந்த எண் பேசும், எந்த எண் பயமுறுத்தும்

மென்பொருளுக்குப் போகுமுன் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பேக்கப் பெட்டி என்பது சாதாரண சர்வர் அல்ல. பகலெல்லாம் தூங்கி, இரவில் மூச்சு முட்ட உழைக்கும் ஜீவன். சர்வருக்கு வைக்கும் அளவுகோலை இதற்கும் வைத்தால் இரவு முழுக்கப் பொய் அலாரம்தான்.

பேக்கப் ஓடும்போது எங்கள் நான்கு கோர் பெட்டியின் லோடு ஆவரேஜ் 14-ஐத் தொடும். சிபியு அப்போதும் பத்து விழுக்காட்டைத் தாண்டாது. புதிதாக வந்த உதவியாளர் இதைப் பார்த்துப் பதறிப்போய் எனக்கு இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார். லினக்ஸ் அந்த எண்ணைக் கணக்கிடும்போது, சிபியுவுக்காக வரிசையில் நிற்கும் வேலைகளோடு, டிஸ்க் பதில் தரட்டும் என்று அசையாமல் காத்துக்கிடக்கும் வேலைகளையும் சேர்த்தே எண்ணுகிறது. ஆகவே 14 என்றால் பெட்டி திணறுகிறது என்று பொருளல்ல. டிஸ்க்குகள் எழுதிக்கொண்டிருக்கின்றன என்றுதான் பொருள். பகல் இரண்டு மணிக்கு 14 வந்தால் மட்டும் எழுந்து பார்க்க வேண்டும்.

மெமரியும் அப்படித்தான். இசட்எஃப்எஸ் கோப்பு முறையில் ஓடும் பெட்டிகள் மெமரியைத் தற்காலிகச் சேமிப்புக்காக அள்ளிக்கொள்ளும். லினக்ஸில் நீண்ட காலம் மொத்த மெமரியில் பாதி வரை எடுத்துக்கொள்வதே அதன் இயல்பான அமைப்பாக இருந்தது. வேறு வேலைக்குத் தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும். மெமரி 90 விழுக்காடு என்று அலாரம் வைப்பது, பானையில் தண்ணீர் இருக்கிறது என்று அலாரம் வைப்பதற்குச் சமம்.

இடம் நிரம்புவதுதான் உண்மையான கவலை. இசட்எஃப்எஸ் பெட்டிகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் போகவிடாதே என்பது பழகிப்போன அறிவுரை. அதற்கு மேல் காலியிடம் சிதறி, எழுதும் வேகம் தேயும். டெல் நிறுவனத்தின் டேட்டா டொமைன் போன்ற, ஒரே தரவு திரும்ப வந்தால் ஒருமுறை மட்டும் சேமிக்கும் நகல்நீக்கும் பெட்டிகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. பழைய பேக்கப்பை அழித்தாலும் இடம் உடனே திரும்பாது. துப்புரவு வேலை ஓடிய பிறகே திரும்பும். அதன் இயல்பான அட்டவணை வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி. ஆகவே வரைபடம் ரம்பப் பல்லாக ஏறி இறங்கும். திங்கட்கிழமை மாலையில் உச்சத்தைப் பார்த்து அதிகமாக டிஸ்க் வாங்கச் சொல்லிவிடக் கூடாது. எத்தனை விழுக்காடு நிரம்பியது என்பதைவிட, இதே போக்கில் போனால் எத்தனை நாள் தாங்கும் என்பதே எனக்கு வேண்டிய எண்.

டிஸ்க்குகளைப் பொறுத்தவரை மேகச் சேமிப்பு நடத்தும் பேக்பிளேஸ் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட கணக்கு ஒன்றை எல்லோரும் அறிந்திருப்பது நல்லது. டிஸ்க் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் குறிப்புகளில் 5, 187, 188, 197, 198 என்ற ஐந்தைத்தான் அவர்கள் உற்றுப் பார்க்கிறார்கள். பழுதான டிஸ்க்குகளில் 76.7 விழுக்காடு அந்த ஐந்தில் ஒன்றிலாவது முன்கூட்டியே எண் காட்டியிருந்தன. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்தவற்றில் 4.2 விழுக்காடுதான் காட்டின. அதாவது ஏறக்குறைய நான்கில் ஒரு டிஸ்க் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ச் சேர்கிறது. கண்காணிப்பு இருந்தால் ரெய்டு (ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு பிழைக்கும் ஏற்பாடு) வேண்டாம் என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைக் காட்டுங்கள்.

பெட்டியின் சொந்த டாஷ்போர்டு

செலவில்லை, நிறுவ வேண்டியதில்லை, பார்க்க அழகு. டிஸ்க், மின்விசிறி, வெப்பநிலை விஷயத்தில் இதைவிட நெருக்கமாக வேறெதுவும் பார்க்காது, ஏனென்றால் தயாரித்தவர்களுக்கே தங்கள் வன்பொருளின் நாடி தெரியும். இதைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் நோயாளியே தன் நாடியைப் பிடித்துப் பார்த்து நமக்குக் கடிதம் எழுதுகிற ஏற்பாடு இது. கை எழுத ஓடாத நாளில் கடிதம் வராது. கடிதம் வராததை நாம் நலம் என்று எடுத்துக்கொள்வோம்.

அப்படி எடுத்துக்கொண்டவன் நான். எச்சரிக்கை அனுப்பும் அஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லை நானே ஒருநாள் மாற்றினேன்; பெட்டியில் மாற்ற மறந்தேன். நான்கு மாதம் அமைதியோ அமைதி. ஐந்தாம் மாதம் வேறு ஏதோ காரணத்துக்காக சர்வர் அறைக்குப் போனபோது, மூன்றாவது டிஸ்க்கின் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. எத்தனை நாளாக என்று பதிவேட்டில் பார்த்தேன்: பத்தொன்பது நாள். ரெய்டு 6 காப்பாற்றியது.

இது என்னைப் போன்ற மறதிக்காரர்களுக்கு மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று, நிரலாளர்களின் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடிப் போனால் அங்கே ஒன்றுமே இல்லை. பதிப்பு பொருந்தாததால் பேக்கப் நிரல் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. அந்தத் தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் அனுப்பப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. அனுப்புநர் சரிபார்ப்பில் தேறாததால் பெறுமுனை அவற்றை ஏற்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன்னால் எடுத்திருந்த ஒரு நகல்தான் அவர்களை மீட்டது. நடந்ததை அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம்.

என் திங்கட்கிழமைக் கேள்விக்கு டாஷ்போர்டின் பதில்: இல்லை. இணைப்பின் வேகம் அதன் நெட்வொர்க் பக்கத்தில், இரண்டு தட்டுகளுக்கு உள்ளே, 100 என்று நேர்மையாக எழுதப்பட்டிருந்தது. அதைப் படிக்க யாராவது உள்ளே போக வேண்டியிருந்தது.

தயாரிப்பாளர்களின் மேகக் கண்காணிப்புச் சேவைகளும் உண்டு. சினாலஜிக்கு ஆக்டிவ் இன்சைட் போல. பெட்டி மௌனமானால் அவர்கள் பக்கத்திலிருந்து செய்தி வரும் என்பது டாஷ்போர்டைவிட ஒரு படி மேல். ஆனால் ஸ்விட்ச் வேறு நிறுவனத்தினுடையது என்றால் அதன் பக்கம் இவர்கள் கண் போகாது. எனக்கு அதுதான் வேண்டும் என்பதால் அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

கேபிளுக்கு இரண்டு முனை

நெட்வொர்க் பிழைகளை எண்ணுவது பெறும் பக்கம். அனுப்பும் கார்டுக்குத் தான் அனுப்பியது வழியில் சிதைந்ததா என்று தெரியாது. பெறும் கார்டுதான் சரிபார்ப்புத் தொகை பொருந்தவில்லை என்று கண்டு, அதைக் கீழே போட்டு, சிஆர்சி பிழை என்று ஒன்று கூட்டிக்கொள்ளும். இதைப் பேக்கப் பெட்டிக்குப் பொருத்திப் பாருங்கள். இரவெல்லாம் பெட்டி பெறுகிறது. அந்தத் திசையில் கேபிள் கெட்டிருந்தால் பிழை பெட்டியில் ஏறும், டாஷ்போர்டில் தேடினால் கிடைக்கும். எதிர்த்திசை கெட்டிருந்தால்? பெட்டி அனுப்புவது மிகக் குறைவு. தரவை மீட்கும் நாளில்தான் அது முழு வேகத்தில் அனுப்பும். அன்றைக்கு மீட்பு நொண்டும். பெட்டியின் பிழைக் கணக்கோ பூஜ்யமாக இருக்கும். பிழையெல்லாம் ஸ்விட்ச் போர்ட்டில் குவிந்திருக்கும். ஒட்டுமொத்த அலுவலகமும் தலைக்கு மேல் நின்று 'எப்போது வரும்' என்று கேட்கும் நாளில் இதைக் கண்டுபிடிக்க நான் விரும்பவில்லை.

இரட்டைக் கேபிள் போட்டு ஒன்றாகக் கட்டிய இணைப்பிலும் இதே கதை. ஒரு கேபிள் செத்தால் மற்றது சுமந்துகொள்ளும். மேலிருந்து பார்த்தால் இணைப்பு உயிரோடு இருக்கும். உள்ளே ஒவ்வொரு போர்ட்டையும் தனித்தனியாகப் பார்க்காவிட்டால், இரண்டாவதும் சாகும் நாளில்தான் முதலாவது செத்த செய்தி தெரியும். போகிற போக்கில் இன்னொன்று: இரண்டு கேபிளைக் கட்டினால் ஒரு பேக்கப் இரட்டை வேகத்தில் போகும் என்று நம்பி வாங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரே சர்வரிலிருந்து ஒரே ஓட்டமாக வரும் தரவு ஒரு கேபிளில்தான் போகும். பல சர்வர்கள் ஒரே நேரத்தில் அனுப்பினால்தான் இரண்டும் நிறையும்.

ஆகவே பெட்டியையும் ஸ்விட்சையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கும் கண் வேண்டும். ஸ்விட்சில் எதையும் நிறுவ முடியாது. இரண்டும் பேசும் பொது மொழி எஸ்என்எம்பி. 1988-இல் பிறந்த நெறிமுறை. பழையது, அழகில்லாதது, எல்லாப் பெட்டிக்கும் தெரிந்தது.

அதில் ஒரு பொறி உண்டு. போர்ட் வழியே போன பைட்டுகளை எண்ணும் பழைய கணக்கு 32 பிட். 429 கோடியைத் தாண்டியதும் சுழியத்துக்குத் திரும்பிவிடும். முழு வேகத்தில் ஓடும் கிகாபிட் போர்ட்டில் அது 34 நொடியில் ஒரு சுற்று. 10 கிகாபிட்டில் மூன்றரை நொடிகூடக் கிடையாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படிக்கும் மென்பொருள் அதற்குள் எட்டு முறை சுற்றியதை எப்படி அறியும்? வரைபடத்தில் நம்பும்படியான ஒரு பொய் வரும். 64 பிட் கணக்கு தனியாக இருக்கிறது. எஸ்என்எம்பியின் இரண்டாம் அல்லது மூன்றாம் பதிப்பில் கேட்டால் கிடைக்கும். முதல் பதிப்பில் இயங்கும் பழைய அமைப்பு எங்காவது இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

மூன்று காவலர்கள்

லிப்ரெஎன்எம்எஸ் 2013-இல் அப்சர்வியம் என்ற மென்பொருளிலிருந்து கிளை பிரிந்தது. நெட்வொர்க் ஆட்கள் நெட்வொர்க் ஆட்களுக்காகச் செய்தது என்பது முதல் பார்வையிலேயே தெரியும். பெட்டியின் முகவரியையும் எஸ்என்எம்பி விவரத்தையும் கொடுத்தால் போதும். போர்ட், வேகம், பிழை, டிஸ்க், வெப்பநிலை, மின்விசிறி என்று தானே கண்டுபிடித்து வரைபடம் போட்டுவிடும். எட்டு ஜிபி மெமரி கொண்ட ஒரு பழைய மேசைக் கணினியில் ஒரு பிற்பகலில் நிறுவி முடித்தேன். போர்ட் வேகம் 1000-லிருந்து 100-க்கு மாறினால் நிகழ்வுப் பட்டியலில் எழுதிவைக்கிறது. அதன்மேல் ஒரு விதி வைத்தால் செய்தி அனுப்புகிறது. திங்கட்கிழமைக் கேள்விக்குப் பதில்: ஆம், சில நிமிடங்களில்.

குறை இல்லாமல் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் பார்க்கும். அதற்கிடையே முப்பது நொடி மூச்சுத் திணறல் வந்துபோனால் தெரியாது. பழைய தரவைச் சுருக்கி வைப்பதால், போன வருடத்து நுணுக்கங்கள் தேய்ந்துவிடும். இடம் எத்தனை நாள் தாங்கும் என்று நேராகச் சொல்லாது. வரைபடத்தைப் பார்த்து நாமே கோடு இழுத்துக்கொள்ள வேண்டும்.

ஜாபிக்ஸ் லாட்வியாவில் பிறந்தது. 2001 முதல் வெளியில் இருக்கிறது. எஸ்என்எம்பியும் தெரியும், கண்காணிக்கும் கணினிக்குள் நிறுவ வேண்டிய தன் சொந்த ஏஜென்ட் நிரலும் உண்டு. அதன் ஆயத்த வார்ப்புருக்களில் 'ஈதர்நெட் முன்பு இருந்ததைவிடக் குறைந்த வேகத்துக்கு மாறியிருக்கிறது' என்று ஒரு விதி எழுதியே வைக்கப்பட்டிருக்கிறது. படித்தவுடன் நெகிழ்ந்துபோனேன், என் திங்கட்கிழமையை யாரோ எனக்கு முன்பே அனுபவித்திருக்கிறார்கள். ஆனால் அந்த விதிக்கு அவர்கள் கொடுத்திருக்கும் தரம் வெறும் 'தகவல்'. எச்சரிக்கை, சராசரி, உயர், பேரிடர் எல்லாம் அதற்கு மேலே. தொலைபேசிக்கு 'உயர்' முதல்தான் அனுப்பு என்று அமைத்திருந்தால், அந்தச் செய்தி திரையின் ஓரத்தில் யாரும் பார்க்காமல் கிடக்கும். தரத்தை நாமே ஏற்றிக்கொள்ள வேண்டும்.

இடம் தீர எத்தனை நாள் என்பதை ஜாபிக்ஸ் ஒரு செயற்கூறால் கணக்கிட்டுத் தரும். மணிக்கொரு சுருக்கமாகக் குறைந்தது, சராசரி, அதிகம் மூன்றையும் ஓராண்டுக்கு வைத்திருப்பதே அதன் இயல்பு. ஆகவே உச்சங்கள் மறையாது. இவ்வளவு நல்லது ஏன் என் தேர்வு ஆகவில்லை? மெனுக்களின் காடு. ஐட்டம், டிரிகர், ஆக்‌ஷன், டெம்ப்ளேட், மேக்ரோ என்று ஒவ்வொன்றும் வேறோர் இடத்தில். கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு முழு நாள் பிடித்தது. மூன்று மாதம் கழித்து ஒரு விதியை மாற்றப் போனபோது மீண்டும் அரை நாள். நான் விடுப்பில் இருக்கும்போது உதவியாளர் தனியாக மாற்ற வேண்டும் என்றால் அவர் பாடு திண்டாட்டம். பத்துப் பதினைந்து சர்வர்களுக்கு மேல் இருந்து, ஒருவர் இதையே வேலையாகப் பார்க்க முடியும் என்றால் நான் ஜாபிக்ஸைத்தான் சொல்வேன்.

ப்ரோமிதியஸ் 2012-இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் உருவானது. எண்களைக் கேள்வி கேட்கும் அதன் மொழி ஓர் அற்புதம். ஒரு வரியில் இன்னும் நான்கு நாளில் இடம் தீருமா என்று கேட்டு அலாரம் வைக்கலாம். பெட்டியில் அதன் எண்களை எடுத்துக்கொடுக்கும் நோடு எக்ஸ்போர்ட்டர் நிறுவினால் இணைப்பு வேகத்தை நொடிக்கு இத்தனை பைட் என்று கொடுக்கும்: கிகாபிட்டுக்கு 12,50,00,000, நூறுக்கு 1,25,00,000. ஒப்பிட ஒரு வரி போதும். பதினைந்து நொடிக்கு ஒருமுறைகூடப் பார்க்கச் சொல்லலாம். திங்கட்கிழமைக் கேள்விக்கு மிகத் துல்லியமான 'ஆம்' இதனிடம்தான்.

ஆனால் அந்த எக்ஸ்போர்ட்டரைப் பெட்டியில் நிறுவ வேண்டும். கடையில் வாங்கும் பேக்கப் பெட்டிகள் பலவற்றில் வெளி மென்பொருள் நிறுவ வழியில்லை. நிறுவினாலும் அடுத்த அப்டேட்டில் துடைத்துப் போட்டுவிடும், அல்லது தயாரிப்பாளர் உதவ மறுப்பார். அப்போது எஸ்என்எம்பி எக்ஸ்போர்ட்டர் என்ற மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைக்க வேண்டும்; அதன் அமைப்புக் கோப்பை உருவாக்குவது ஒரு தனிக் கலை. தரவை இயல்பாகப் பதினைந்து நாள் மட்டுமே வைத்திருக்கும். கூட்டிக்கொள்ளலாம், ஆனால் போன வருடம் எவ்வளவு நிரம்பியிருந்தது என்று கேட்ட பிறகு கூட்டிப் பயனில்லை. அலாரத்துக்கு அலர்ட்மேனேஜர், வரைபடத்துக்கு கிராஃபானா என்று மூன்று நான்கு துண்டுகளைக் கோத்துக் கட்டிக் காக்க வேண்டும். கண்டெய்னர்களும் மேகமுமாக வேலை பார்க்கும் இடத்தில் இது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். அங்கே பேக்கப் பெட்டியையும் அதோடு சேர்ப்பதுதான் புத்தி. ஒரே ஒரு பெட்டிக்காக இதைப் புதிதாகக் கட்டுவது, ஒரு பசுவுக்காகப் பால் பண்ணை கட்டுவது.

நெட்டேட்டா என்ற இன்னொரு கண்காணிப்பு மென்பொருளைப் பற்றியும் கேட்பார்கள். நொடிக்கு நொடி துடிப்பைக் காட்டும். ஒரு கோளாறு நடக்கும்போதே உட்கார்ந்து பார்க்க அதற்கு இணை இல்லை. ட்ரூநாஸ் பெட்டிகள் 23.10 பதிப்பிலிருந்து உள்ளுக்குள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் பெட்டிக்குள்ளேயே குடியிருக்கும் காவலன், பெட்டி விழுந்தால் கூடவே விழுவான்.

காவலனுக்கு எவ்வளவு சாவி கொடுப்பது

பணயத் தொகை கேட்கும் கும்பல்கள் உள்ளே நுழைந்ததும் முதலில் தேடுவது பேக்கப் பெட்டியைத்தான். அதில் ரூட் என்ற முழு நிர்வாக உரிமையோடு ஓடும் எந்த ஏஜென்ட்டும் இன்னொரு கதவு. இந்தக் காரணத்தாலும் படிக்க மட்டும் உரிமையுள்ள எஸ்என்எம்பி எனக்கு உவப்பானது. அதிலும் மூன்றாம் பதிப்பு, கடவுச்சொல்லும் மறையாக்கமும் சேர்த்து. இரண்டாம் பதிப்பில் பெரும்பாலும் 'பப்ளிக்' என்ற சொல்லே சாவி. அது கேபிளில் அப்படியே வாசிக்கும்படி போகும். மூன்றாம் பதிப்பு 2002-லேயே முழுத் தரநிலை ஆகிவிட்டது; இன்னும் 'பப்ளிக்' என்று விட்டுவைக்கக் காரணம் சோம்பல்தான். கண்காணிக்கும் கணினியில் பெட்டியின் நிர்வாகக் கடவுச்சொல்லைச் சேமிக்கவே கூடாது.

பெட்டியின் பதிவேடுகளை வெளிக் கணினிக்கு அனுப்பிவைப்பதும் இதே ரகம். கணினிப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 உத்தரவில் சொல்லியிருக்கிறது. பெட்டிக்குள் மட்டும் இருக்கும் பதிவேடு பெட்டியோடு போய்விடும்.

நான் வைத்தது

எதையும் நிறுவுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றை நான் கடைசியில்தான் கற்றேன். பேக்கப் வேலை முடிந்ததும் வெளியில் உள்ள ஒரு முகவரியை ஒருமுறை தட்டிவிட்டுப் போகும்படி ஒரு வரி சேர்ப்பது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குள் தட்டல் வராவிட்டால் அந்த வெளிச் சேவை எனக்குச் செய்தி அனுப்பும். ஹெல்த்செக்ஸ் என்ற திறமூல மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. சிபியு தெரியாது, போர்ட் தெரியாது, கேபிள் தெரியாது. வர வேண்டியது வரவில்லை என்பது மட்டும் அதற்குத் தெரியும். அந்தத் திங்கட்கிழமையை இது ஒன்றே சனிக்கிழமை காலையில் பிடித்திருக்கும். பெட்டியின் மின்னஞ்சல் செத்திருந்தாலும் பிடிக்கும், மின்சாரம் போயிருந்தாலும் பிடிக்கும்.

அதற்கு மேல் லிப்ரெஎன்எம்எஸ். ஏன் இளைத்தது, எப்போது இளைத்தது, எந்தப் போர்ட் என்று சொல்ல அது. லிப்ரெஎன்எம்எஸ் ஓடும் கணினியும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே வெளிச் சேவையில் தனக்கென உள்ள இன்னொரு முகவரியைத் தட்டுகிறது. காவலன் தூங்கினாலும் தெரியவேண்டும் அல்லவா. பெட்டியின் சொந்த மின்னஞ்சலை அணைக்கவில்லை. டிஸ்க் விஷயத்தில் அதன் சொல்லுக்கு மதிப்பு உண்டு. மாதம் முதல் தேதி ஒரு சோதனை அஞ்சல் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், வராவிட்டால் உதவியாளரின் பொறுப்பு. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் மட்டும் முன்கூட்டியே அலாரங்களை அடக்கிவைக்கிறோம். முதல் மாதம் மறந்துவிட்டு, ஒரே காலையில் நாற்பத்தொரு செய்தி வாங்கினேன்.

இடம் எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு முப்பது வரியில் நானே ஒரு நிரல் எழுதினேன். வாரம் ஒருமுறை, துப்புரவு முடிந்த பிறகு அளந்து, எட்டு வாரப் போக்கைப் பார்த்து ஓர் எண் சொல்லும். போன வாரம் 143 என்றது.

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை, ஸ்விட்சை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றும் வேலை நடந்தது. நான் வீட்டுக்குக் கிளம்பி வண்டியை எடுத்திருந்தேன். தொலைபேசி அதிர்ந்தது: பேக்கப் பெட்டி, முதல் போர்ட், 1000-லிருந்து 100. திரும்பிப் போனேன். உதவியாளர் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் மாட்டியிருந்தார். ஒரு கேபிளுக்கு நீளம் போதவில்லையாம். என் மேசை இழுப்பறையில் ஒன்று சும்மா கிடந்ததே என்று எடுத்து மாட்டியிருக்கிறார்.

புதியதை மாட்டிவிட்டு, பழையதை நடுவில் கத்தரிக்கோலால் வெட்டினேன். இரண்டு துண்டுகளையும் குப்பைக்கூடையில் போட்டேன்.